பத்தாம் வகுப்பு, மூன்றாவது பீரியடு

எழுந்திருக்க வேண்டியவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாத மூன்று பேர் எழுந்து நின்றார்கள். நடுவர் விசிலை ஊதிக் கையைத் தூக்கினார்.

போடியில் ஒரு பள்ளி மைதானம். ஆடிக் காற்று போடிமெட்டு மலைப் பக்கமிருந்து இறங்கி, மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டி. பெண்கள் கோ-கோ, முதல் சுற்று. எங்கள் பிள்ளைகள் துரத்துகிற கடைசி முறை அது. இன்னும் இரண்டு பேரைத் தொட்டால் ஜெயித்துவிடலாம். அந்த இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நேரமும் இருந்தது.

அப்போதுதான் பாண்டிமீனா அந்தச் சத்தத்தைப் போட்டாள்.

கோ-கோ ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். துரத்துகிற அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்திருந்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்திருப்பாள். ஒன்பதாவது பெண் எதிரணியைத் துரத்துவாள். அவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. எதிராளி மறுபக்கம் ஓடிவிட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி 'கோ' என்று சொல்ல வேண்டும். தட்டு வாங்கியவள் எழுந்து துரத்துவாள், தட்டியவள் அவள் இடத்தில் குந்துவாள். தட்டினால் மட்டும் போதாது. 'கோ' நடுவர் காதில் விழ வேண்டும். அதைக் கேட்காமல் ஒருத்தியும் எழக் கூடாது.

பாண்டிமீனா சங்கீதாவின் முதுகில் சரியாகத்தான் தட்டினாள். ஆனால் வாயில் வந்தது 'கோ' இல்லை.

“கூய்!”

சங்கீதா 'கோ' வரும் என்று காத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தட்டே வாங்காத மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். எழுந்ததோடு இல்லை, மூவரும் பாவாடையைத் தட்டிவிடுவது போல விளையாட்டுக் கால்சட்டையைத் தட்டிவிட்டார்கள். மைதானமே சிரித்தது. ஃபவுல் என்றால் துரத்துகிறவள் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். அவள் திரும்புவதற்குள் அந்த இரண்டு பெண்களும் மறுகோடிக்குப் போய்விட்டார்கள். அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஒரு புள்ளியில் தோற்றோம்.

நான் கோட்டுக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் போனதற்காக மட்டும் இல்லை. அந்த ஆட்டத்தின் மேல் நான் வேறொன்றைப் பந்தயம் கட்டியிருந்தேன்.

இன்னைக்கு மட்டும்

எனக்கு வேலை கிடைத்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் படித்துவிட்டு, சின்னமனூர் பக்கமிருந்து ஒருவர் எழுதியிருந்தார். 'பி.டி. டீச்சருக்கு அப்படி என்னம்மா வேலை? நோட்டுத் திருத்த வேண்டுமா, பரீட்சை வைக்க வேண்டுமா?' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எங்கள் பள்ளியிலேயே பாதிப் பேருக்கு அந்தச் சந்தேகம் உண்டு.

பள்ளியின் பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். போடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம், அரசுப் பள்ளி, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது. சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள்.

காலையில் வரிசை நிறுத்துவது என் வேலை. முடி வெட்டாதவனைப் பிடிப்பது, பஸ் பாஸுக்குப் படிவம் நிரப்புவது, யாருக்காவது மயக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, மரத்தில் ஏறியவனை இறக்குவது, பிள்ளைகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இதற்கெல்லாம் நடுவில் நேரம் இருந்தால் விளையாட்டு.

கால அட்டவணையில் பத்தாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியடு உடற்கல்வி இருந்தது. திங்கட்கிழமை மூன்றாவது பீரியடு, வியாழக்கிழமை மூன்றாவது பீரியடு. அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. மணி அடித்ததும் கணக்கு சார் ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார்.

“டீச்சர், இன்னைக்கு மட்டும்” என்பார்.

நானும் “எடுத்துக்கோங்க சார்” என்பேன். இரண்டு வருடம் 'இன்னைக்கு மட்டும்' ஓடியது. கொடுத்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, பாராட்டக்கூடச் செய்தார்கள். 'ஒத்துப் போகிற டீச்சர்' என்று பெயர். இப்போது அந்தப் பெயரை நினைத்தால் எரிகிறது.

நான் ராசிங்காபுரத்தில் படித்த காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்பது சுதந்திர தினத்தன்று மட்டும்தான். கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து மெதுவாக நடக்கச் சொல்வார்கள். கீழே விழாமல் நடந்தால் ஒரு சோப்பு டப்பா. வேகமாக ஓடினால் தோற்றுவிடுவாய் என்று சொல்லிக்கொடுத்த ஒரே விளையாட்டு உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கோபத்தில்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். போனவள், வேலை கிடைத்ததும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னை எழுப்பிவிட்டது பாண்டிமீனாதான். பள்ளி திறந்து இரண்டு வாரம் இருக்கும். பத்தாம் வகுப்பு. ஒல்லியாக, கருப்பாக, விரல் நுனியெல்லாம் கறை பிடித்திருக்கும் பெண். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கேட்டாள்.

“டீச்சர், இந்த பி.டி. பீரியடுன்னு போட்ருக்கே. அதுல என்ன டீச்சர் செய்வாங்க?”

கிண்டல் இல்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது அவள் சின்ன வகுப்பில் இருந்தாள். திறந்த பிறகு விட்டுப்போன பாடத்தை ஓட்டுகிறோம் என்று பீரியடையெல்லாம் அள்ளிக்கொண்டோம். எட்டாவது, ஒன்பதாவதில் அவள் வகுப்புப் பீரியடையும் கேட்டவர்களுக்கு நானே கொடுத்துவிட்டேன். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

மேஜையில் தட்டியது

அடுத்த திங்கட்கிழமை கணக்கு சார் வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், இன்னைக்கு மட்டும்.”

“இன்னைக்கு இல்ல சார்.”

அவர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பத்து நிமிடத்தில் இருவரும் தலைமை ஆசிரியர் அறையில் நின்றோம்.

தலைமை ஆசிரியரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. பிள்ளைகளின் மார்க்குக்காகத் தூக்கம் கெட்டவர். அவர் பொறுமையாகவே சொன்னார்.

“பத்தாவதுல ஒரு புள்ள ஃபெயிலானா எனக்குத்தான் டீச்சர் போன் வருது. ஏன் ஓடலேன்னு கேட்டு இதுவரைக்கும் ஒரு போனும் வந்ததில்ல.”

“போன் வரலேங்கிறதுக்காக ஓட வேணாம்னு ஆயிருமா சார்?”

“எட்டாவது ஒம்பதாவதுப் புள்ளைகள வச்சு டீம் போடுங்க. நா வேணாம்னு சொல்லல. பத்தாவத விட்ருங்க.”

“ஒம்பது பேரு வேணும் சார். எட்டாவது ஒம்பதாவது ரெண்டும் சேத்து அஞ்சு பேருதான் தேறுது.”

“அப்ப அடுத்த வருசம் பாப்போம்” என்றார்.

அடுத்த வருடம் இன்றைய ஒன்பதாவது பத்தாவது ஆகிவிடும். அப்போதும் இதே பதில்தான் வரும். எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் வாய்க்குப் பூட்டு போட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்வார், அவர் சொல்வது தப்பில்லை. மேஜையில் தட்டிவிட்டேன்.

“பத்தாவதுப் பிள்ளைகளச் சேத்துத்தான் டீம். ஆட்டம் வரைக்கும் ரெண்டு பீரியடும் எங்கிட்ட இருக்கட்டும். குறுவட்டத்துல மொத ஆட்டம் ஜெயிப்போம். ஜெயிச்சா ரெண்டு பீரியடும் எனக்கு. தோத்தா, ரெண்டையும் நானே கணக்கு சார் கையில கொண்டாந்து குடுக்கிறேன். பப்ளிக் பரீட்சை முடியிற வரைக்கும் அந்த வகுப்புப் பக்கமே வர மாட்டேன்.”

இப்படி ஒரு நிபந்தனையைத் தலைமை ஆசிரியர் கேட்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி டீச்சர். நீங்களே சொல்லிட்டீங்க” என்றார்.

வெளியே வந்த பிறகுதான் விரல் விட்டு எண்ணினேன். ஆட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. கையில் ஒரு அணியும் இல்லை.

குந்தி எழுவது

கோ-கோவில் ஓடுவது பெரிய விஷயமில்லை. குந்தி இருப்பதுதான் கஷ்டம். குதிகால் லேசாகத் தூக்கி, எந்த நொடியும் பாய்கிற மாதிரி குந்தியிருக்க வேண்டும். கையை ஊன்றாமல் எழ வேண்டும். நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது இதற்கே ஒரு மாதம் பிடித்தது. விடுதி மாடிப்படியில் உட்கார்ந்தபடிதான் இறங்குவேன், அப்படி ஒரு தொடை வலி.

முதல் நாள் பயிற்சியில் வரிசையாகக் குந்த வைத்தேன். ராசிங்காபுரத்துச் சங்கீதா நல்ல உயரம், நல்ல ஓட்டக்காரி, தோட்டந்துரவு உள்ள வீட்டுப் பிள்ளை. மூன்றாவது நிமிடம் “ஆத்தாடி” என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர்.

பாண்டிமீனாவும் வேறு மூன்று பெண்களும் அப்படியே இருந்தார்கள். முக்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் மாதிரி கதை பேசிக்கொண்டிருந்தார்கள். விசில் அடித்தால் கை மண்ணில் படாமல் துள்ளி எழுந்தார்கள். குந்தியபடியே பக்கவாட்டில் நகரச் சொன்னேன். நண்டு போல நகர்ந்தார்கள்.

“எங்கடி பழகுனீங்க?”

“இது என்ன டீச்சர், காயெடுக்கையில இப்படித்தான இருப்போம்” என்றாள் பாண்டிமீனா.

ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரைச் சுற்றித் தரையோடு சரம் ஓடும். அந்தச் சரத்தில்தான் காய் இருக்கும். எடுக்கிறவர்கள் தூருக்குத் தூர் குந்தி, சுற்றி நகர்ந்து, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். அந்த நான்கு பேரின் அம்மாக்களும் தினமும் ஜீப்பில் மலையேறிக் காயெடுப்பவர்கள். சனி ஞாயிறில் பிள்ளைகளும் போவார்கள். கேட்டால் 'அம்மாவுக்குத் துணைக்கு' என்பார்கள். துணை என்றால் என்ன என்பது அந்த விரல் கறையைப் பார்த்தாலே தெரியும்.

அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. எனக்கு அணி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மாதப் பயிற்சி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

ஜீப்பு நிற்குமிடத்தில்

சனிக்கிழமைப் பயிற்சிக்கு மற்ற மூவரும் வீட்டில் கேட்டு வந்துவிட்டார்கள், பாண்டிமீனா வரவில்லை. அவள் இல்லாமல் ஆட்டம் இல்லை. அடுத்த சனிக்கிழமை விடிகாலையில் நானே ஜீப்பு ஏறுமிடத்துக்குப் போனேன். ஒவ்வொரு ஜீப்பிலும் ஆட்கள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். தூக்குவாளி, பிளாஸ்டிக் கோட்டு, இடுப்பில் கட்டுகிற சாக்குப்பை. பாண்டிமீனாவின் அம்மா ஒரு காலை ஜீப்பில் வைத்திருந்தார். மகள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அக்கா, சனிக்கெழம மட்டும் பிள்ளைய எங்கிட்ட விடுங்க” என்றேன்.

“மேல காயி பழுத்துக் கெடக்கு டீச்சர். ஆளு பத்தலேன்னு கங்காணி சத்தம் போடுறாரு. சோலி நெறைய இருக்கு.”

“ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போங்க. நா கேக்கல.”

“ஓடி என்ன டீச்சர் ஆகப் போவுது?”

வேலை கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும், இட ஒதுக்கீடு கிடைக்கும் என்று அடுக்கியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய் சொல்ல மனசு வரவில்லை.

“என்ன ஆகும்னு எனக்கும் தெரியாதுக்கா. ஆனா ஓடுறப்ப அவ மொகத்த நீங்க பாத்ததில்ல. ஒரு நா வந்து பாருங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தார். “வெரசா ஏறுக்கா, நேரமானா முந்தல் செக்போஸ்ட்டுல விடமாட்டாய்ங்க” என்றார். அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்தார், மகளை ஒரு முறை பார்த்தார்.

“எறங்குடி” என்றார். “போயி ஓடு. சாயங்காலம் வந்து சோத்த ஆக்கி வை.”

பாண்டிமீனா ஜீப்பிலிருந்து குதித்த குதியில் பக்கத்தில் நின்ற பெரியவரின் வாளி உருண்டுவிட்டது. அப்புறம் அவள் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலைக்கும் போனாள்.

ஒரே எழுத்து

தோற்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினோம். கடைசி இருக்கையில் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒரே எழுத்துடி. கோ. ஆறு வாரமா அதத்தானே சொன்னோம்? அந்த ஒரு எழுத்து ஒன் வாயில வரலையா?”

பாண்டிமீனா தலை நிமிரவில்லை. “வாய் தவறிருச்சு டீச்சர்.”

“அவளுக்கு வாய் தவறுச்சு. இவளுக மூணு பேரும் எதுக்கு எந்திரிச்சாளுக? சங்கீதா முதுகுல தட்டுனா இவளுக ஏன் எந்திரிக்கணும்?”

அந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

“மேல கூய்னா எந்திரிக்கணும் டீச்சர்.”

“என்னது?”

பாண்டிமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். மலையில் ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மூடுபனி வேறு. பக்கத்துத் தூரில் இருக்கிறவர்கூடத் தெரியாது. அதனால் கங்காணி மேட்டில் நின்று 'கூய்' என்று ஒரு குரல் கொடுப்பார். மலையாளத்து ஆளும் தமிழ் ஆளும் புரிந்துகொள்ளும் சத்தம். கஞ்சி நேரத்துக்கு ஒரு கூய், சாயங்காலம் வேலை முடிந்ததற்கு ஒரு கூய். அதைக் கேட்டால் குந்தியிருக்கிறவர்கள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, பையோடு நடப்பார்கள்.

“போன ஞாயித்துக்கெழம கங்காணி எறங்கிப் போயிட்டாரு. சாயங்காலம் என்னயத்தான் கூய் போடச் சொன்னாரு டீச்சர். அதே நெனப்புல இருந்துருச்சு. குந்தியிருக்கிற ஆளுகள எழுப்பணும்னா எனக்கு அதுதான் வருது.”

முன்னால் இருந்த சங்கீதா திரும்பி, “எனக்கு எப்படித் தெரியும்? நாங்கல்லாம் காட்டுல கடலையில்ல எடுக்கிறோம்” என்றாள். முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லோரும். பாண்டிமீனாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் மலையில் பழகிய உடம்பை ஆறு வாரம் வாங்கிக்கொண்டேன். அந்த உடம்போடு அதன் பழக்கமும் சேர்ந்து வரும் என்று யோசிக்காதது நான்தான். அவளைத் திட்டியது தப்பு என்று அங்கேயே சொன்னேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

அப்புறம்தான் பந்தயத்தைச் சொன்னேன். அதுவரை அவர்களிடம் மறைத்திருந்தேன். இனிமேல் பத்தாவதுக்குப் பீரியடு இல்லை என்றதும் சங்கீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று காலையிலேயே கணக்கு சாரிடம் போனேன். “திங்கள், வியாழன் மூணாவது பீரியடு ரெண்டும் ஒங்களுக்கு சார்” என்றேன். அவர் வெற்றிச் சிரிப்பெல்லாம் சிரிக்கவில்லை. “பிள்ளைக நல்லா ஆடுச்சுகன்னு சொன்னாங்க டீச்சர்” என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது பீரியடு மணி அடித்தது. நான் விளையாட்டுப் பொருள் அறையில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் கணக்கு சார் வந்தார். கையில் புத்தகம், முகத்தில் குழப்பம்.

“டீச்சர், பயலுக மட்டுந்தான் உள்ள இருக்காய்ங்க. பொம்பளப் பிள்ளைக ஒண்ணுகூடக் காணோம்.”

வெளியே ஓடிப் பார்த்தேன். மைதானத்து நடுவில் பத்தாம் வகுப்புப் பெண்கள் பதினான்கு பேரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். அணியில் இல்லாதவர்களும் இருந்தார்கள். ஜுரம் என்று சொல்லி எப்போதும் ஒதுங்குகிற பெண்ணும் இருந்தாள். சங்கீதா உதட்டைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“எந்திரிங்கடி. கிளாஸுக்குப் போங்க” என்றேன். “நா வாக்குக் குடுத்துருக்கேன்.”

பாண்டிமீனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயமில்லை, மரியாதைக் குறைவும் இல்லை.

“நீங்கதான டீச்சர் குடுத்தீங்க? நாங்க குடுக்கலையே.”

என்னுடையது இல்லாத ஒன்றை நான் பந்தயம் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருடமாக நான் 'எடுத்துக்கோங்க சார்' என்று தூக்கிக் கொடுத்ததும் என்னுடையது இல்லை. அவமானமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் நானும் போய்க் குந்தினேன். முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது. பக்கத்திலிருந்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

தலைமை ஆசிரியர் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்ன டீச்சர் இது? நீங்களுமா?”

“ஆமா சார். நா சொன்னது தப்பு சார். எம் பீரியடுன்னா நா தோக்கலாம். இது இவங்களோடது.”

அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். கோபம் குரலில் தெரிந்தது.

“எவ்வளவு நேரம் இப்படியே இருப்பீங்க? பத்து நிமிசம் தாங்குவீங்களா? கால் மரத்துப் போயி எந்திரிக்கத்தான போறீங்க?”

பாண்டிமீனா குந்தியபடியே பதில் சொன்னாள். சண்டைக்காரக் குரல் இல்லை. மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னாள்.

“மேல காலைல எட்டரைக்குக் குந்துனா நாலு மணிக்குத்தான் சார் எந்திரிப்போம். நடுவுல கஞ்சி குடிக்க அரை மணி நேரம். இது ஒரு பீரியடுதான சார்.”

காற்றில் கொடிக்கம்பத்துக் கயிறு அடித்துக்கொண்டது. தலைமை ஆசிரியர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். அடுத்தவள் கையைப் பார்த்தார். அதற்கடுத்தவள் கையை.

“எத்தன பேரும்மா போறீங்க?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஆறு கைகள் உயர்ந்தன. நான் நான்கு பேர் என்றே நினைத்திருந்தேன். ஜுரம் என்று ஒதுங்குகிற பெண்ணும் கையைத் தூக்கியிருந்தாள். அவள் திங்கட்கிழமைகளில் ஏன் ஒதுங்கினாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வாரம் முழுவதும் பெஞ்சில், ஞாயிற்றுக்கிழமை தூரடியில். அந்தப் பிள்ளைகளுக்கு வாரத்தில் தன்னிஷ்டத்துக்குக் கையைக் காலை வீசுகிற நேரம் என்று அட்டவணையில் இருந்தது இந்த இரண்டு பீரியடுதான். அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எந்திரிங்கம்மா” என்றார்.

ஒருத்தியும் எழவில்லை.

“எந்திரிச்சா எங்க சார் போகணும்?” என்று கேட்டாள் பாண்டிமீனா.

தலைமை ஆசிரியர் கணக்கு சாரைப் பார்த்தார். கணக்கு சார் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வகுப்புல இருக்கிற பயலுகளையும் அனுப்பிவிடுறேன் சார். அவய்ங்களுக்கும் இதே பீரியடுதான” என்றார்.

தலைமை ஆசிரியர் தலையாட்டினார்.

“எங்கயும் போக வேணாம்மா. ஒங்க பீரியடு. இங்கயே இருங்க.”

பதினான்கு பேரும் எழுந்தார்கள். சங்கீதா நொண்டினாள், ஆனாலும் எழுந்துவிட்டாள். எனக்குத்தான் இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டன. கையை ஊன்றிப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் வேறு தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பாண்டிமீனா வந்து கறை பிடித்த கையை நீட்டினாள்.

“வெரசா எந்திரிங்க டீச்சர்” என்றாள். “இன்னும் இருவது நிமிசந்தான் இருக்கு.”